கார்ல்ஸ்ரூவில் நாற்பது நிமிஷம்

ஐரோப்பாவில் எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்த ரெயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஆக்லாந்தில் இருந்துகொண்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். நான் ஐரோப்பாப் பக்கம் ஒருநாளும் போனதில்லை, ரானுயியில் ஏறி ஹென்டர்சனில் இறங்குவதுதான் என் முழு ரெயில் பயணமும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே வந்து இருபது வருஷம் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினேன். ஓய்வு எடுத்த பிறகு, அக்காவின் மகன், என் மருமகன், தன் டிக்கெட் கடையில் வந்து இருக்கச் சொன்னான். விமானம் அவன் பார்ப்பான். விமானம் இறங்கின பிறகு வருகிற தலையிடி முழுக்க எனக்கு. எங்கள் சனம் ஐரோப்பாவுக்கு ஊர் பார்க்கப் போவதில்லை. பாரிஸில் பெறாமகள், சூரிச்சில் அண்ணன், டென்மார்க்கில் மச்சாள் என்று நாட்டுக்கு ஒருவராக இருப்பார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு நேரமாவது சாப்பிட வேண்டும். எந்த ஸ்டேஷனில் லிப்ட் வேலை செய்யாது, எங்கே படி அதிகம் என்று அங்கே இருக்கிறவர்களிடம் போனில் கேட்டு வைப்பேன். பிறகு ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்தில் ஸ்டேஷன் பெயர், நேரம், மேடை எல்லாம் எழுதிக் கொடுப்பேன்.

சொந்தக்காரருக்கு ஒருமுறையாவது டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பிறகு கல்யாண வீட்டில் அவரைக் கண்டு ஒளித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும். இதில் கடைசியாக வருவது பாக்கியம் அக்காவின் கதை. அதைச் சொல்லத்தான் மற்றதுகளையும் சொல்கிறேன்.

ஏழு நிமிஷம்

மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஆம்ஸ்டர்டாமில் ஏறி, கொலோனில் மாறி, மியூனிக் போக வேண்டும். கொலோனில் ஏழு நிமிஷம் காணும், மாறிவிடலாம் என்று கம்ப்யூட்டர் சொன்னது. நானும் நம்பினேன். கணவனின் தாயாரும் கூடப் போகிறார், அவருக்கு முழங்கால் நோ, ஒரு பெட்டிக்குள் பிரஷர் குக்கர் இருக்கிறது என்பதெல்லாம் நான் கேட்கவில்லை.

கொலோனில் அவர்கள் மேடைக்கு ஏறி வரும்போது மற்ற ரெயிலின் வால் தெரிந்ததாம். இரண்டு மணித்தியாலம் காற்றுக்குள் நின்றார்கள். திரும்பி வந்து, எனக்கென்று வாங்கின சாக்லேட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அந்த மனைவிப் பிள்ளை சொன்னது: "ஏழு நிமிஷத்துல எங்க மாமியார் செருப்பே மாட்ட மாட்டாங்க அங்கிள், நீங்க பிளாட்பாரம் மாறச் சொல்லிட்டீங்க."

கூடவே வந்த மாமா

அதற்குப் பிறகு மாறுகிற ரெயிலைக் குறைத்தேன். பாரிஸில் இருந்து பிரஸ்ஸல்ஸுக்கு நேர வண்டி, இடையில் ஒரு இடமும் நிற்காது. இதில் என்ன பிழை வரும் என்று நினைத்தேன். ஹென்டர்சனில் இருக்கிற ஒரு தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு போனார். பாரிஸில் வழியனுப்ப ஒன்பது பேர் வந்து நின்றார்கள். எங்கள் ஆட்களுக்கு வழியனுப்புவது என்றால் வாசலில் நின்று கை காட்டுவதில்லை. உள்ளே ஏறி, பெட்டியை மேலே வைத்து, சாப்பாட்டுப் பொதியைச் சரிவாய் வைக்காதே என்று நாலு தரம் சொல்லி, பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சி முடிய வேண்டும்.

வழியனுப்ப வந்த மாமா ஒருவர் கொஞ்சிக்கொண்டு இருக்கும்போது கதவு பூட்டிவிட்டது. வீட்டுச் செருப்போடும் சட்டையோடும், கையில் ஒரு அடையாள அட்டைகூட இல்லாமல் மனிசன் பெல்ஜியம் போய்ச் சேர்ந்தார். அந்த ஒன்றரை மணித்தியாலமும், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தான் பயணம் போகவில்லை என்று பிரெஞ்சில் விளக்கிக்கொண்டே போனாராம். தங்கச்சி எனக்கு அங்கிருந்து போன் எடுத்தார்: "அண்ணை, பெட்டி ரெண்டும் பத்திரமாய் வந்திட்டுது. மாமாவும் வந்திட்டார்."

எந்த நாட்டு ராகு

செவ்வாயில் எங்கள் ஆட்கள் பயணம் வெளிக்கிடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும், செவ்வாயைக் கேட்கவே மாட்டேன். ஆனால் ஒரு பெரியவர், ரெயிலும் ராகு காலத்தில் வெளிக்கிடக்கூடாது என்றார். சரி, எந்த ஊர் ராகு காலம்? சுவாமி விளக்கு எரிவது ஆக்லாந்தில், ஆள் ஏறுவது மிலானில். கலண்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். யோசித்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு: "ராகுவிட்ட எந்த நாட்டு மணிக்கூடு இருக்குதெண்டு எனக்குத் தெரியாது. ரெண்டுக்கும் தப்பினதாய் ஒண்டைப் போடும்."

செவ்வாய்க்கிழமைதான் வேணும்

பாக்கியம் அக்கா ரானுயியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்ப்பது அவர்தான். ஆகவே ஐரோப்பாவுக்குப் போய் வர அவருக்குக் கிடைத்தது பதினொரு நாள்.

அவர் டிக்கெட் எடுக்க வந்த அன்றைக்கு என்னிடம் சொல்லாத ஒன்றை உங்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இரண்டு சகோதரர்கள். பெரியவர் சூரிச்சில். சின்னவர் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவுக்குக் கிட்ட. ஊரில் தாய் இறந்தபோது சின்னவர் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தார். கேள்விப்பட்டால் குழம்பிப்போய் ஏதும் செய்துவிடுவான் என்று, எல்லாக் கிரியையும் முடிந்த பிறகுதான் பெரியவர் அவருக்குச் செய்தி சொன்னாராம். அன்றோடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. இப்போது பெரியவரின் மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் தங்கிக்கொண்டு சின்னவரிடம் போய்வருகிறேன் என்று அக்கா வெளிக்கிட ஏலாது. சின்னவருக்கோ சிறுநீரகம் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், தூரம் போக ஏலாது. அக்காவும் சின்னவரும் போனில் கதைத்து ஒருவர் வீடும் இல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பாரிஸில் இருந்து சூரிச்சுக்குப் போகிற வழியில் அக்கா கார்ல்ஸ்ரூவில் ரெயில் மாறினால், அந்த மேடையில் நாற்பது நிமிஷம் பார்க்கலாம். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு நாற்பது நிமிஷம்.

அன்றைக்குக் கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், பெரியவரைத் தெரிந்தவர்கள். அதனால் அக்கா வாய் திறக்கவில்லை. நேர ரெயில் இருக்கிறது என்றேன். இருந்த இருப்பில் கால் வீங்கும், கார்ல்ஸ்ரூவில் இறங்கி ஏறுகிற மாதிரிப் போடச் சொன்னார். நாளும் அவரே சொன்னார், செவ்வாய். செவ்வாயில் புது மிளகாய்த்தூள் பைக்கட்டே உடைக்காத மனிசி அவர். நான் அப்போதாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். தாளை எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து, கதவுவரை போய், திரும்பி வந்து கேட்டார்: "அந்த மேடையில குந்தியிருக்க ஒரு வாங்கு இருக்குமோ, தம்பி? சாயக்கூடினதாய்."

நான் செய்த நல்ல காரியம்

அக்கா பாரிஸில் தன் புருஷனின் தமையன் மகள், அந்தப் பெறாமகள் வீட்டில் நிற்கும்போது, இங்கே ஒரு காலையில் எனக்கு ஈமெயில் வந்தது. முதல் ரெயிலின் நேரத்தை மாற்றியிருந்தார்கள். கார்ல்ஸ்ரூவில் இருந்த நாற்பது நிமிஷம் ஒன்பது நிமிஷமாகிவிட்டது. எனக்குக் கொலோனும் அந்த மாமியாரின் முழங்காலும் ஞாபகத்துக்கு வந்தன. அடுத்த ரெயிலில் போடலாம், ஆனால் கார்ல்ஸ்ரூவில் இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். எழுபது வயது தாண்டின மனிசி, இரண்டு பெட்டியோடு, தெரியாத ஊரில் இரண்டு மணித்தியாலம் தனிய இருப்பதா என்று என் மனம் கேட்கவில்லை.

பாரிஸில் அப்போது இரவு. எழுப்பிக் கேட்பானேன் என்று விட்டேன். பழைய டிக்கெட்டை விட்டுவிட்டு, நேர சூரிச் ரெயிலில், ஜன்னல் பக்கம், போகிற திசையைப் பார்த்த இடமாக எடுத்தேன். பெறாமகளின் புருஷனுக்கு அனுப்பி, வேறு ஸ்டேஷன், கவனமாக ஏற்றிவிடு என்று எழுதினேன். அந்தப் பிள்ளையும் சொன்னபடி ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டது. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். மருமகனும் பார்த்துவிட்டு மெச்சினான்: "இப்பதான் மாமா நீங்கள் தொழில் பழகியிருக்கிறியள்."

மூன்று ரெயில்

அக்கா திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, கடையில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். நான் எழுதிக் கொடுத்த பழைய தாள் கையில் இருந்தது. ஸ்டேஷன்தான் மாறியிருக்கிறது, ரெயில் போகிற வழி மாறவில்லை என்று நினைத்து அந்தத் தாளையே மடியில் வைத்திருந்தாராம். நேரம் வர, பெட்டியை இறக்கித் தரச் சொல்லி, கதவுக்குக் கிட்டப் போய் நின்றிருக்கிறார். டிக்கெட் பார்க்க வந்தவரிடம் தாளைக் காட்டினாராம். அவருக்கு என் தமிழ் எழுத்து என்ன தெரியும்? கார்ல்ஸ்ரூ என்று வாயால் சொன்னதும் தலையை ஆட்டினாராம், இந்த ரெயில் அந்தப் பக்கமே போகாது என்று. கையில் போன் இருந்தது, அதில் அங்கத்தைய சிம் இல்லை. மிச்ச வழி முழுக்க அக்கா கதவடியிலேயே நின்று போயிருக்கிறார்.

சின்னவர் நேரத்துக்கே வந்துவிட்டார். வாங்கும் இருந்ததாம், சாயக்கூடியது. அக்கா முதலில் வர இருந்த ரெயில் பிந்தி வந்ததும் எழும்பி எல்லாக் கதவையும் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கொண்டுவந்த பிளாஸ்கைத் திறக்கவில்லை. சிறுநீரக வருத்தக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டொக்டர் அளந்து கொடுத்திருப்பாராம், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். தாளை மேசையில் வைத்து, மடிப்பைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டு சொன்னார்: "விடிய இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காமல் இருந்தவனாம், தம்பி. என்னோட ஒரு முழுக் கோப்பை தேத்தண்ணி குடிக்க."

அடுத்த வருஷம்

அடுத்த கோடையில் கார்ல்ஸ்ரூவில் மூன்று மணித்தியாலம் வருகிற மாதிரி ஒரு பயணத்தை அக்கா கேட்காமலே நான் எழுதி வைத்திருந்தேன். எந்த மேடையில் வெயில் விழும், எங்கே தேத்தண்ணீர் வாங்கலாம் என்றுகூட அங்கே ஒருவரிடம் விசாரித்தேன். அக்காவிடம் காட்டியபோது, பிள்ளைகளுக்கு லீவு வரட்டும் என்றார். லீவு வருவதற்கு முன் சின்னவர் போய்விட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு உடனே வெளிக்கிட ஏலாத அக்காவால் செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. பெரியவர் போனாராம். வாசலில் நின்றாரா உள்ளே போனாரா என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் பெரியவர் வீட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தீட்டுக் கழிக்கிற துடக்குக் கழிவு என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா வந்து, எனக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். நான் பழைய பழக்கத்தில் கார்ல்ஸ்ரூப் பக்கத்து நேரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை அக்கா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைக் கண்டார் போல. கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "நேர ரெயிலே போடுங்கோ, தம்பி. எந்த நாளெண்டாலும் சரி, செவ்வாய் மட்டும் வேண்டாம்."

இப்போது யார் வந்து ரெயில் கேட்டாலும், வழியில் உங்களுக்காக யார் நிற்பார்கள் என்று கேட்காமல் நான் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, மருமகன் அதை நேரம் வீணாக்குவது என்கிறான்.