ஏ பக்கத்து மூன்றாவது பாட்டு

வால்டருக்கு நாற்பத்தாறு வயது வரைக்கும் விளங்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அயர்லாந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பாடிய ஒரு பாட்டின் உண்மையான வேகம் என்ன என்பது. சிரிக்காதீர்கள். அந்த ஒரு பாட்டால் அவரும் அவருடைய மச்சான் ஜெயகரனும் ஏழு வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு ஏழு கிறிஸ்மஸை அண்ணன் வீட்டுப் பக்கமே போகாமல் கழித்தவள் லூயிசா. அவள் வால்டருக்குப் பெண்டாட்டி, ஜெயகரனுக்குக் கூடப்பிறந்த தங்கை.

வால்டர் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கான பாலகாட் லைன் வீட்டில் பிறந்தவர், அதே லைனில் குடித்தனம் செய்தவர். வேலை, வைண்டிங் என்ஜின் டிரைவர். சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் ஆள் போகும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில் இருந்த ஒரு லீவர்தான். மணி மூன்று தடவை அடித்தால் உள்ளே ஆள் ஏறியிருக்கிறான் என்று அர்த்தம். அப்போது வால்டர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். ஆளே அப்படி நிதானம். சோறு தின்பதும் நிதானம், கோபப்படுவதும் நிதானம். ஆனால் கோபம் வந்துவிட்டால் அது போவதும் அதே நிதானத்தில்தான், அதுதான் சங்கடம்.

லைன் வீடுகளில் ஒரு பழக்கம். பல்பு திடீரென்று மங்கினால் "கேஜ் ஏறுது" என்பார்கள். அவ்வளவுதான். தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பம்புகள் இராப்பகலாக ஓடி மைனின் அடியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன, பல்புகள் எப்போதுமே பழுத்த மஞ்சளில்தான் எரிந்தன. கரண்ட் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அயர்லாந்து கேசட் வந்தது தொண்ணூற்றொன்றில். ஜெயகரனின் பெண்டாட்டி பியாட்ரிஸுக்குக் கப்பலில் வேலை செய்யும் அண்ணன் ஒருவன் கொண்டுவந்தான். கோஷ்டியின் பெயர் 'லாம்ப் ரூம் பாய்ஸ்'. பெயரைக் கேட்டதுமே வால்டர் சொக்கிப்போனார். மைனில் விளக்கு வாங்கும் ரூமுக்கும் அதே பெயர்தானே! அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர்கள் ஊரிலும் ஒரு செம்புச் சுரங்கம் இருந்து மூடிப்போனதாம். நாலு பேரும் ஒரு தேவாலய ஹாலில் பாடிப் பழகியவர்களாம். "நம்ம ஆளுங்கடீ லூயிசா" என்றார்.

ஆண்டர்சன்பேட்டை கடையில் அதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். அசல் ஜெயகரனிடம், பிரதி வால்டரிடம். ஏ பக்கத்து மூன்றாவது பாட்டுதான் இரண்டு பேருக்கும் உயிர். கிட்டார்க்காரன் கம்பியை அழுத்தாமல் தட்டி அப்படியே விட்டுவிடுவான், கோயில் மணி மாதிரி அது ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அதன் அடியில் டிரம் அணிவகுத்து நடக்கும். பாடுகிறவன் வேண்டுதல் செய்கிறானா சண்டைக்கு நிற்கிறானா என்றே தெரியாது.

வால்டர் வீட்டு டேப் செட்டில் அந்தப் பாட்டு கனமாக, பாரம் சுமந்த மாதிரி வந்தது. கேஜ் ஏறும்போது இன்னும் கொஞ்சம் இழுத்தது. அடடா, எந்த இடத்தில் இழுக்க வேண்டுமோ அந்த இடத்தில் இழுக்கிறானே என்று வால்டர் கண்ணை மூடிக்கொள்வார். மறுநாள் கேட்டால் இழுப்பு வேறு இடத்தில் இருக்கும். மண்டை காய்ந்துவிடும். கிட்டாரைச் செட்டுக்குச் சுருதி சேர்த்தால் கோயில் ஹார்மோனியத்தோடு ஒத்துவராது. ஹார்மோனியம் கிழடு தட்டிப்போச்சு என்று முடிவு கட்டினார். ரேடியோவில் எல்லாப் பாட்டும் இவர் செட்டில் கேட்பதைவிட ஓட்டமாக வரும். விளம்பரம் போட நேரம் வேண்டுமே, ஓட்டுகிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அந்தக் கோஷ்டியின் அடுத்த கேசட் வந்தபோது குழப்பம் கூடியது. கிட்டார் அடங்கிப்போய் பிடிலும் புல்லாங்குழலும் முன்னால் வந்து நின்றன. மூன்றாவதில் டிரம்முக்குப் பதில் மெஷின் தட்டியது. "அதே ஆளுங்கதானா? போட்டோ மட்டும் மாத்தாம வெச்சிருக்கானுங்களா?" என்று லூயிசாவைக் கேட்டார். அவளுக்கு என்ன தெரியும் பாவம். அவளுக்கு இருந்த குழப்பம் வேறு. ஜெயகரனுக்கு வேலை மைனில் இல்லை, பக்கத்து ஃபேக்டரியில்; அவருடைய குவார்ட்டர்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டால் தானாகக் கால் ஆடும். இங்கே கேட்டால் கை வேலையை விட்டுவிட்டு உட்காரத் தோன்றும். அந்தந்த வீட்டுக் காற்று அப்படி என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூற்று மூன்று கிறிஸ்மஸ் வாரம். இன்ஸ்டிடியூட் ஹாலில் நிகழ்ச்சி. கிட்டார் வால்டர், டிரம் ஜெயகரன், பாட்டு லூயிசா. ஜெயகரனுக்கு ஃபேக்டரியில் ஜெனரல் ஷிஃப்ட், வால்டருக்கு மாறி மாறி மூன்று ஷிஃப்ட். ஒருவர் வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நேரம் வாய்த்ததே இல்லை. ஒத்திகைக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. கிறிஸ்மஸ் கீதங்களை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். "மூணாவது பாட்டு வேணாம், அது தூக்கத்துல எழுப்பினாக்கூட வரும்" என்று ஜெயகரனே சொன்னார், வால்டரும் தலையாட்டினார்.

மேடையில் வந்ததே! டிரம் ஒரு பக்கம் ஓடுகிறது, கிட்டார் ஒரு பக்கம் தவழ்கிறது. நடுவில் லூயிசா, யாரோடு போவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினாள். பின்பெஞ்சில் விசில் கிளம்பியது. ஜெயகரன் குச்சியை வீசிவிட்டு எழுந்தார்.

"இன்னா மாப்ள, பொணத்தத் தூக்கினு போறியா?"

"நீதான் நாய் துரத்தின மாதிரி ஓடற. கேசட்டக் கேட்டுட்டு வா, போ."

"கேசட்டு என்னுது! அசல் என்கிட்ட கீது! மைன் ஆளுங்களே இப்படித்தான், அசைஞ்சு அசைஞ்சு..."

அந்த வார்த்தைதான் தைத்தது. நாற்பது பேர் உயிரைக் கையில் பிடித்து ஏற்றி இறக்குகிறவனைப் பார்த்து அசைஞ்சு அசைஞ்சு என்றால்? வால்டர் மைக்கைத் தள்ளி வைக்கவும் மறந்து, "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. சொன்னபடியே மிதிக்கவில்லை. லூயிசா நாலைந்து தடவை கெஞ்சிப் பார்த்தாள், அப்புறம் கெஞ்சுவதையும் நிறுத்திக்கொண்டாள். கோயிலில் அண்ணனைத் தூரத்தில் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அழுவது தெரியக் கூடாது அல்லவா.

வால்டர் எத்தனையோ தடவை செட் முன்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். நான் வாசித்தது சரிதானே? சரிதான். செட்டும் கிட்டாரும் ஒட்டிப்பிறந்த மாதிரி போயின. அப்படியானால் ஜெயகரனுக்கு என்ன வந்தது? வேண்டுமென்றே அவமானப்படுத்தினானா? அந்த நாலு அயர்லாந்துக்காரர்கள் பிடிலுக்கு மாறினார்கள், மெஷினுக்கு மாறினார்கள், மறுபடி கிட்டாருக்கே திரும்பினார்கள், பிரியவில்லை. நாங்கள் ஒரே ஒரு பாட்டில் பிரிந்துவிட்டோமே என்று நினைத்தால் அவருக்கு ஒன்றும் ஓடாது. கடைசியில் கேசட்டைப் பீரோ அடியில் போட்டுவிட்டார்.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரி கடைசியில் மைனை மூடினார்கள். மணி இல்லை, சங்கு இல்லை. வால்டரின் கை மட்டும் காலையில் லீவரைத் தேடும். மார்ச்சில் ஒரு மத்தியானம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பீரோ அடியைத் துழாவி அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார்.

பாட்டு ஓடியது. தலைதெறிக்க ஓடியது! பாடுகிறவன் குரல் இளைத்துப்போய் இருபது வயதுப் பையன் குரலாகிவிட்டது. வால்டர் பதறி நிறுத்தினார். ஸ்பிரிட்டில் துணி நனைத்து ஹெட்டைத் துடைத்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். அதே ஓட்டம். வேறு கேசட் போட்டார், அதுவும் ஓடியது.

"இன்னாடி இது, செட்டுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சு!"

சமையலறையிலிருந்து பாட்டுதான் வந்தது. லூயிசா தன்னை அறியாமல் கூடப் பாடிக்கொண்டிருந்தாள், அந்த வேகத்திலேயே, ஓர் இடம் பிசகாமல்.

"உனக்கு எப்படி வருது?"

"இதானே எங்க அண்ணன் வூட்ல பாடற மாதிரி" என்று வெளியே வந்தவள், விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "இருட்டு மூலைன்னு பல்பு போட்டா கண்ணு கூசுது. ஒரு வாரமா இப்படித்தான் வெள்ளையா எரியுது."

வால்டர் பல்பைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். மறுபடி பல்பைப் பார்த்தார். ஐயோ, ஆண்டவரே! பம்பு ஓடவில்லை, கேஜ் ஏறவில்லை, கரண்ட் முழுசாக வருகிறது. இத்தனை காலம் பல்பு மங்கியபோதெல்லாம் செட்டும் மங்கி மெதுவாகச் சுற்றியிருக்கிறது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் கரண்ட் வேறு லைன், அங்கே மங்கவில்லை. கேஜை இழுத்தவர்களில் தானும் ஒருவன், அதோடு பாட்டையும் இழுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எதற்காக அழுகை என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கெளம்பு, உங்க அண்ணன் வூட்டுக்கு" என்றார். லூயிசா உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

கதவைத் திறந்த பியாட்ரிஸ் "ஏசுவே!" என்று கத்திவிட்டு லூயிசாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஜெயகரன் பேப்பரை மடித்து வைத்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"மச்சான், நீ அடிச்சதுதான் சரி" என்றார் வால்டர், நின்றபடியே. பல்பு, பம்பு, கேஜ் எல்லாவற்றையும் தன் நிதானத்தில் வரிசையாகச் சொன்னார்.

ஜெயகரன் கேட்டுவிட்டு, "இத்தினி வருஷம் தெரியலியே, இப்ப எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"இப்பதான் எல்லாம் நின்னுடுச்சே மச்சான்."

ஜெயகரன் மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். ஏழு வருஷமாக இந்த நாளுக்கென்று எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தாரோ. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "மைனு மூடித்தான் நான் சரின்னு தெரியணுமா? அந்தச் சரி எனக்கு வேணாம் மாப்ள" என்றார். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரம்மை இழுத்தார், தூசி தட்டினார். "அன்னிக்குச் சொன்ன வார்த்தைய மறந்துடு. வா, வாசி."

வால்டர் கம்பியைத் தட்டினார். ஜெயகரன் குச்சியை இறக்கினார். நாலு அடி போகவில்லை, பாட்டு உடைந்தது. இன்ஸ்டிடியூட் ஹாலில் உடைந்த அதே இடத்தில்!

இந்தத் தடவை வால்டர் மச்சானுக்காக ஓடியிருந்தார். ஜெயகரன் மாப்பிள்ளைக்காகத் தவழ்ந்திருந்தார்.

"நீ ஏன்யா மெதுவா அடிக்கற?"

"உனக்குன்னுதான். நீ இன்னாத்துக்கு ஓடற?"

இருவரும் முழித்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். இப்போது வால்டர் தவழ, ஜெயகரன் ஓடினார். பியாட்ரிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஜெயகரனுக்குச் சிரிப்பில் குச்சி நழுவியது, வால்டர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் லூயிசா. உரக்கத்தான் சொன்னாள். "ஏழு வருஷம் உங்க பின்னாடி நான் வந்தது போதும். நான் எடுக்கறேன். என் பின்னாடி வாங்க."

எடுத்தாள். அது அண்ணன் வீட்டு வேகமும் இல்லை, புருஷன் வீட்டு வேகமும் இல்லை. அயர்லாந்தில் எவனும் அப்படிப் பாடியிருக்க மாட்டான். எந்த வேகம் இது, எங்கே பிடித்தாள் என்று வால்டருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கம்பியில் கையை வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.