தங்கத்தின் கொட்டாவி

தொண்ணூறுகளில் ஒரு மாலை, பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சபையாரின் ஜெபக்கூட்டம் நடந்தது. நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஜெபத்தை நீட்டுவதில் எனக்குப் பெருமை உண்டு. அன்று பக்கத்து வீட்டுத் தங்கம் கொட்டாவி விட்டாள். திறந்த வாய் மூடவில்லை. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

"ஜெபத்துக்கு நடுவில பல்லக் காட்டுதியா? வாய மூடு" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் கண்ணீர் வழிய, காதுக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினாள்.

கீழ்த்தாடையின் உருண்டை முனை அந்த இடத்துக் குழியில் அமர்ந்திருக்கும், வாயை அகலத் திறந்தால் முன்னால் வழுக்கும், அங்குள்ள மேட்டைத் தாண்டிவிட்டால் சிக்கிக்கொள்ளும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தவன் நான். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

கூட்டத்திலிருந்த நர்ஸ் ஒருத்தி, "சாறே, தாடை விலகினதாக்கும்" என்று எழுந்தாள். துணி சுற்றிய கட்டைவிரல்களைக் கீழ்க் கடைவாய்ப்பற்களில் வைத்து அழுத்திப் பின்னால் தள்ளினாள். வாய் மூடியது.

தங்கம் முதலில் பேசியது என்னிடம்தான். "சாறே, மன்னிக்கணும். என்னால ஜெபம் நின்னுபோச்சு."

"சாரமில்ல, போகட்டும். மன்னிச்சாச்சு" என்றேன்.

அதன்பின் பல வருடம் அவள் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவள் இறக்கும்வரை கேட்கவில்லை.