சிவப்பு பட்டனும் என் நாத்தனாரும்

போன புதன்கிழமை, சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்துகொண்டு கை வலிக்கத் தட்டினேன். யாருக்காக? என் நாத்தனாருக்காக!

நம்ப முடிகிறதா? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். உறவுக்காரர்களைப் பாராட்டி இதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் வீட்டில் சண்டை வரும், எழுதாவிட்டாலும் வரும்... சரி, இந்த முறை எழுதியே விடுகிறேன்.

மேடையில் மூன்று பேர் இருந்தார்கள். அரசு மீன்துறையின் அதிகாரி அம்மா ஒருவர், தொழிற்சாலை மேனேஜர், புக்கிட் தம்பூன் மீனவர்கள் சார்பில் பாக் ஹாஷிம் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர். கரையோரக் கடலில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களைத் தடுக்க படகில் கருவி பொருத்தி மூவரும் சேர்ந்து நடத்தும் திட்டத்தை இன்னும் பல படகுகளுக்குக் கொண்டுபோக ஒப்பந்தம் கையெழுத்தானது. முடிந்ததும் அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்தக் கருவியை உண்மையிலேயே வேலை செய்ய வைத்தவர் அதோ இருக்கிறார்" என்று மலாயில் சொல்லிக் கையைக் காட்டினார். யூனிஃபார்மில் நின்றிருந்த என் நாத்தனார், யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்!

தனலெட்சுமி, எங்களுக்குத் தனா, என் கணவரின் தங்கை. சுங்கை பினாங்கில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறாள். தினமும் கம்பெனி பஸ்ஸில் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து அக்கரைக்கு வேலைக்குப் போகிறாள். வேலை என்ன? செய்து முடித்த மின்னணுக் கருவிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் லைன் லீடர். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் விடவே மாட்டாள். தொழிற்சாலைக்கு அது நல்லது. வீட்டுக்கு? "அண்ணி, போன வாரம் வேற மாதிரி சொன்னீங்க, இப்ப வேற மாதிரி சொல்றீங்க. எது சரி?" என்று ஆரம்பித்தால் என் சமையல் அடுப்பிலேயே கருகிவிடும்.

திட்டம் இதுதான். கரையை ஒட்டிய கடல் சிறு படகுகளுக்கு உரியது. பெரிய இழுவலைப் படகுகள் அங்கே வரக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் வருகிறார்கள். கடலின் அடியையே வழித்து, குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, நடுவில் கிடக்கும் சிறு மீனவர்களின் வலையையும் கிழித்துவிட்டுப் போகிறார்கள். போன் போட்டு இடத்தைச் சொல்லி, ரோந்துப் படகு தேடி வருவதற்குள் இழுவலை மேலே ஏறிவிடும். "நாங்க சும்மா போய்க்கிட்டு இருக்கோம் லா" என்பார்களாம்.

அதற்காகத்தான் தொழிற்சாலை ஒரு சின்னக் கருவி செய்தது. படகு இருக்கும் இடம் எப்போதும் கரையில் உள்ள திரையில் தெரியும். இழுவலைப் படகைக் கண்டதும் மீனவர் சிவப்பு பட்டனை அழுத்தினால் ரோந்துப் பிரிவுக்கு உடனே தகவல் போகும். முதலில் முப்பது படகுகளில் பொருத்தினார்கள்.

இரண்டே மாதத்தில் திரை காலி! படகுகள் கடலில் இருந்தன, திரையில் ஒன்றுமில்லை. உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றார் ஒரு என்ஜினியர். பேட்டரி கோளாறு என்றார் இன்னொருவர். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவது என்ற பேச்சு வந்துவிட்டது. கழற்றிய கருவிகள் சோதனைக்காகத் தனாவின் மேசைக்கு வந்தன.

எல்லாமே பழுதில்லாமல் ஓடின. ஆனால் ஒன்றின் இடுக்கில் பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள்!

அன்று சாயங்காலம் அவள் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மெஷின் நல்லா இருக்கு அண்ணி. யாரோ வேணும்னே சுத்தி வச்சிருக்காங்க. சிக்னல் போகக்கூடாதுன்னு."

"ஏன்?"

"அதத்தான் போய்க் கேக்கணும்."

சனிக்கிழமை லீவில் யாரும் அனுப்பாமல் அவளாகவே படகுத்துறைக்குப் போனாள். யாரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. கம்பெனி ஆள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயிலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பாக் ஹாஷிம்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் மீன் பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுசு ஆச்சு. உங்க மெஷின் அதைப் படம் போட்டுக் காட்டுது. அந்தப் படத்தை யார் யார் பாக்குறாங்க?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நான் நிச்சயமாகச் சமாளித்திருப்பேன்! அவள், "தெரியாது பாக். தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலை வரவேற்பறையில் ஒரு பெரிய டிவி. அதில் கடல் வரைபடம். சிக்னல் வந்த நாட்களில் முப்பது படகும் அதில் புள்ளி புள்ளியாகத் தெரிந்திருக்கின்றன! வருகிற போகிற விருந்தாளிகள் பார்த்து வியக்க வேண்டும் என்று மாட்டி வைத்திருந்தார்கள். மீன் மொத்த வியாபாரி வந்தாலும் பார்க்கலாம், இழுவலைப் படகு முதலாளி வந்தாலும் பார்க்கலாம்.

அடுத்த திட்டக் கூட்டத்தில் தனாவும் போய் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நடந்ததை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

"அது சும்மா ஷோவுக்குத்தானே லா, விசிட்டர்ஸுக்குப் பிடிக்குது" என்றாராம் மேனேஜர்.

"உங்க வீட்டு லாக்கர் எங்க இருக்குன்னு லாபியில படம் மாட்டி வைப்பீங்களா சார்?"

மேனேஜர் முகம் சிவந்துவிட்டதாம். வேலை போய்விடுமோ என்று தனாவுக்குப் பயம் இருக்காதா? அதிகாரி அம்மாதான் நிதானமாகக் கேட்டிருக்கிறார், "என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?"

"பட்டனை அழுத்துற வரைக்கும் படகு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியக்கூடாது. கம்பெனிக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கும் தெரியக்கூடாது. அழுத்தினா ரோந்துக்கு மட்டும் போகணும்."

"அப்புறம் நமக்கு டேட்டா எப்படிக் கிடைக்கும்?" என்றாராம் என்ஜினியர்.

"இப்ப என்னா டேட்டா இருக்கு சார்?"

காலித் திரைதான் இருந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜரும்.

கருவியை மாற்றி அமைத்தார்கள். டிவியைக் கழற்றினார்கள். தனா மறுபடியும் படகுத்துறைக்குப் போனாள், இந்த முறை அதிகாரியோடு. மீனவர்கள் கண் முன்னாலேயே கருவியைத் திறந்து, அதிகாரி கொண்டுவந்த லேப்டாப்பில் ரோந்துப் பிரிவின் திரையைக் காட்டினாள். ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தினாள். ஒரு புள்ளி. பாக் ஹாஷிம் கருவியை வாங்கி நாலைந்து தடவை தானே அழுத்திப் பார்த்துவிட்டு, எடுத்துப்போய்ப் படகில் மாட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணி. பாக் ஹாஷிம் அழுத்தினார். அடுத்த சில நிமிடங்களில் இன்னும் இரண்டு படகுகள். திரையில் மூன்று புள்ளிகள். நடுவில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரோந்துப் படகு நேராகப் போய் நின்றபோது இழுவலை இன்னும் தண்ணீருக்குள்தான் கிடந்தது. "சும்மா போறோம் லா" என்று சொல்ல வழியே இல்லை!

செய்தி போனில் வந்ததும் தனா போட்ட கூச்சலில், அவளுக்கு ஷாக் அடித்துவிட்டது என்று பக்கத்து லைன் பெண்கள் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்களாம்.

ஒரு படகு பிடிபட்டதால் கடல் சுத்தமாகிவிட்டதா? இல்லை. இன்னும் வருகிறார்கள், ஆனால் பயந்து பயந்து வருகிறார்கள் என்கிறாள் தனா. 'அரசு-தனியார் கூட்டு முயற்சி' என்று பேனரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அரசிடம் சட்டமும் ரோந்துப் படகும் இருந்தன. கம்பெனியிடம் கருவி இருந்தது. கடலில் நடப்பதைப் பார்க்கும் கண்கள் மீனவர்களிடம் இருந்தன. எல்லாம் இருந்தும் ஏன் ஓடவில்லை? "யார் பாக்குறாங்க?" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் எங்கள் வீட்டிலிருந்து போனாள் என்று நினைக்கும்போது... என்ன சொல்ல, கண் கலங்கித்தான் போனது.

விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை பாக் ஹாஷிம் தனாவைத் தன் படகில் கூட்டிக்கொண்டு போனார். ஃபெர்ரியில்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பவள், லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் முகம் கறுத்து, முடியெல்லாம் உப்பேறி வந்து நின்றாள்.

"எங்க லா கூட்டிட்டுப் போனாரு?"

"அவரோட எடத்துக்கு அண்ணி. அவரு மட்டும் போற எடம். சொந்த மகனுக்கே போன வருஷந்தான் காட்டினாராம்."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "எந்தப் பக்கம்? தீவுப் பக்கமா, பாலத்துப் பக்கமா?"

தனா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பேப்பர்ல எழுதுறவங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

நாத்தனார் வாயைத் திறக்காததற்காக நான் பெருமைப்பட்டது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை!