எவுஃபேமியா கடலில் விழுந்த சாயங்காலம்

கோவாவில் பணஜிக்கும் தோனா பாவ்லாவுக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கும் இனாசியோ லேசில் குழம்பிப்போகிற ஆள் இல்லை. யார் எங்கே ஏறுவார்கள், யார் சில்லறை இல்லை என்று புளுகுவார்கள், எந்த டீச்சர் மீராமாரில் இறங்காமல் தூங்கிவிடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் நிறுத்தத்தின் பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் செத்தவனும் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் மகள் ஸெலியா கடலில் என்ன செய்கிறாள் என்பது மட்டும் நாலு வருஷமாகியும் அவர் மண்டையில் ஏறவில்லை.

ஒரு பலகை, அதன்மேல் படகில் இருப்பதுபோல் நட்டுவைத்த ஒரு பாய், பாயின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸெலியா. முன்பெல்லாம் பலகை தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும், அதையாவது ஒத்துக்கொள்ளலாம். இப்போது ஒலிம்பிக்கில் வேறு பலகையாம். அடியில் இறக்கை இருக்கிறதாம், காற்று வந்தால் தண்ணீருக்கு மேலே முழ உயரத்துக்கு எழும்பிப் பறக்கிறது. எப்படி என்று கேட்டால், "காத்துதான் பப்பா" என்பாள். காற்று பஸ்ஸுக்குள்ளேயும்தான் அடிக்கிறது, பஸ் பறக்கிறதா என்ன? அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் விழுவாள். விழுந்தால் தலை மேலே வரும்வரை அவர் கரையில் நின்று மனசுக்குள் எண்ணுவார்.

ஒலிம்பிக் தகுதிப் போட்டி தாய்லாந்தில். சொந்தமாக ஒரு பறக்கும் பலகை வேண்டும், பயணச் செலவு வேண்டும். செலவை ஏற்கிறேன் என்று ஒருவர் எழுதிய கடிதம் திங்கட்கிழமைக்குள் விளையாட்டுச் சங்கத்துக்குப் போகாவிட்டால் பட்டியலில் ஸெலியாவின் பேர் கிடையாது. அடுத்த வாய்ப்புக்கு இன்னும் நாலு வருஷம்.

இனாசியோ காக்கிச் சட்டையோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ஒரு அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, "இதுல பந்து யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டார். பந்து இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. இனாசியோவுக்கே ஒரு கணம் பந்து இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே போனார். ஊர்ச் சிற்றாலயத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பேண்டும் வெடியும் தன் செலவில் வைக்கிறவர் கான்ட்ராக்டர் தெர்துலியானோ. ஊரில் எல்லாருக்கும் அவர் 'பாப்', அதாவது ஐயா. கேட்பதற்கு அவரைத் தவிர யார்?

"எனக்கு என்னடா கிடைக்கும் இனாஸ்?"

"பாய்ல உங்க பேரைப் போட்டுக்கலாம் பாப்."

தெர்துலியானோ மோவாயைத் தடவினார். ஊரே 'மாய்' என்று கூப்பிட்ட அம்மா எவுஃபேமியாவின் பத்தாவது நினைவுநாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. வருஷா வருஷம் பேப்பரில் அரைப்பக்கம் கொடுப்பார். மேலே சிலுவை, நடுவே அம்மா, கீழே லண்டன் பேரப்பிள்ளைகள் வரை துயரப்படுகிறவர்களின் பட்டியல்.

"பேப்பர்ல போட்டா மறுநாளே அதுல மீனைக் கட்டித் தர்றான்டா. போன வருஷம் எங்கம்மா மூஞ்சி மேல அயிலை. உன் பாய் எவ்வளவு பெரிசு?"

"ரெண்டரை ஆள் உயரம் இருக்கும் பாப்."

"அப்போ அம்மாவைப் போடு. முழுசா போடு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா கடற்கரைக்கு வர்றோம். பாத்துட்டு அங்கேயே கடிதம் தர்றேன்."

அது விளம்பரமா நினைவஞ்சலியா என்று இனாசியோவுக்குப் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

"செத்தவங்க படத்தைத் தூக்கிக்கிட்டு நான் ரேஸுக்குப் போகணுமா?" என்றாள் ஸெலியா.

"புதுசா என்ன, சின்ன வயசுல உன்னைத் திட்டின மூஞ்சிதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒட்டுறவன் பாயைக் கிழிக்காம பாத்துக்கோ."

ஞாயிறு சாயங்காலம் கரன்ஸாலே கடற்கரைக்குப் பூசை உடுப்போடு பாதி ஊர் வந்துவிட்டது. கிளப்பில் கடன் வாங்கிய பலகையில் ஸெலியா பாயை நிமிர்த்தினாள். மூக்குக் கண்ணாடியும் கன்னத்து மருவுமாக எவுஃபேமியா எழுந்து நின்றாள். நாலைந்து பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "வாயைத் திறந்தா இன்னும் திட்டுவா போல" என்றாள் ஒரு மீன்காரி. காற்று வந்தது, பலகை எழும்பியது, எவுஃபேமியா பறந்தாள். தெர்துலியானோ கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் லண்டனுக்குக் காட்டினார்.

மிதவையைச் சுற்றித் திரும்பும்போது காற்று தூக்கி அடித்தது. பாய் தட்டென்று தண்ணீரில் படுத்தது.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு தெர்துலியானோ பூட்ஸோடும் கோட்டோடும் இடுப்பளவு கடலில் இறங்கினார்.

"ஐயோ, எவுஃபேமியா முழுகுறா!" கரை முழுக்க ஒரே கூச்சல். இனாசியோவும் கத்தினார், தொண்டை கிழிய, "எவுஃபேமியா மாய்! எவுஃபேமியா மாய்!" என்று.

பாய் எழுந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தபோது தெர்துலியானோ கரையேறி வந்து இனாசியோவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்னால பாக்க முடியல இனாஸ். விழாம ஓட்டச் சொல்லு. இல்லைன்னா கடிதம் கிடையாது."

ஸெலியா கரைக்கு வந்தாள். உதட்டில் ரத்தம். "பப்பா, தண்ணியிலேர்ந்து தலையைத் தூக்குறேன், எல்லாரும் எவுஃபேமியா எவுஃபேமியாங்கிறாங்க. நீயும்தான்."

இனாசியோவுக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் எண்ண மறந்திருந்தார். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"பாப், நீங்க மூணு தடவை பாத்ததுக்கே இந்தப் பாடு. நான் நாலு வருஷமா தினம் பாக்கிறேன். அந்தப் பாய்க்கு அடியில இருக்கிறது என் பொண்ணு. விழாம ஓட்டினா அவ கத்துக்க முடியாது. விழாதேன்னு நான் சொல்ல மாட்டேன். கடிதம் இல்லைன்னா இல்லை, போங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

தெர்துலியானோ ஸெலியாவைப் பார்த்தார். அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். "அடி பலமா பட்டுதா?" என்றார்.

"இல்லை பாப்."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். கடிதம் கூழாகி வந்தது. "இது போச்சு. நாளைக்குக் காலைல உன் பஸ்லயே வந்து வேற தர்றேன், பத்து மணிக்குள்ள சங்கத்துல குடுத்துடு. அம்மாவைச் சின்னதாக்கி மூலையில வை. நடுவுல உன் பொண்ணு பேரைப் பெரிசா போடு. விழுந்தா யாரைக் கூப்பிடணும்னு கரையில நிக்கிற முட்டாள்களுக்குத் தெரியணும்ல."

ஸெலியா உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் போனாள். மிதவைக்குப் பக்கத்தில் மறுபடி விழுந்தாள். இனாசியோ எண்ணினார். ஏழில் தலை தெரிந்தது.

"ஸெலியா!" என்று அவர் கூவினார், கடைசி நிறுத்தத்தில் கூவுகிற அதே குரலில். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.