சிவப்பு விளக்கும் என் மருமகளும்

ஊர் என்ன சொன்னாலும் சரி, என் மருமகளைப் போல வேலை தெரிந்தவள் கிடையாது. இதில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம். கார் பட்டறையில் அவளுக்கு வயர் வேலை. பக்கவாட்டில் எவனாவது வந்து இடித்தால், கதவோரம் ஒரு காற்றுப் பை ஊதி ஆளைக் காப்பாற்றுமாம். இடியை உணர்ந்து சொல்வதற்குக் கதவுத் தூணுக்குள் ஒரு சென்சார். அதற்குப் போகிற மஞ்சள் வயரையே கட்டிக்கொண்டு அழுவதால், பட்டறையில் அவள் பெயர் மஞ்ச வயரு.

மருந்துக்கடைக்காரர் ஒருவர், நல்ல நெட்டை, தன் காரைக் கொண்டுவந்தார். ஓட்டும்போது சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரிந்தால் பை வேலை செய்யாது என்று அர்த்தம். பட்டறையில் இவள் ஏறி உட்கார்ந்தாலோ விளக்கு எரியாது, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அத்தனை ஒழுங்கு. கம்ப்யூட்டரைச் செருகினால், சென்சார் இடையில் பேச்சை நிறுத்தியது என்று பழைய கதையை மட்டும் சொல்லும். பேட்டரியைக் கழற்றி, பை முகத்தில் வெடிக்காதிருக்கச் சற்றுப் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்தாள். சென்சாரையே மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். குறையில்லை. அவர் எடுத்துப்போனதும் மறுபடி சிவப்பு.

மூன்றாம் முறை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. விளக்கு எரியாதபடி அதன் வயரை வெட்டிவிடு என்றார்.

"நாய் குரைக்குதுன்னு வாயைக் கட்டிட்டா, திருடன் போயிடுவானா முதலாளி?"

"உன் நாயை நீயே வச்சுக்கோ" என்று சொல்லி, வேறு ஆளை விட்டு வெட்டவைத்தார். கார் போய்விட்டது.

மறுநாள் வேறொரு காரில் ஏறி, வழக்கம்போல சீட்டை முன்னால் இழுத்தபோதுதான் அவளுக்குப் பிடிபட்டதாம். இவள் என் தோளுக்குத்தான் வருவாள்; சீட்டை இழுக்காமல் கால் எட்டாது. நெட்டை மருந்துக்கடைக்காரரோ சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளுகிறவர். அப்போது சீட்டுத் தண்டவாளம் அடியில் போகும் சென்சார் வயரை நசுக்கியிருக்கும், இழுத்ததும் விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் பழுதைத் தானே மறைத்துவிட்டுத்தான் தேடியிருக்கிறாள்.

கடைக்கே ஓடினாள். எல்லாவற்றையும் விளக்கி, கொஞ்ச நேரம் காரைக் கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

"லைட்டுதான் எரியலையேம்மா. நல்லா இருக்கிற வண்டியை எதுக்கு நோண்டணும்?"

வயரை வெட்டி விளக்கை அணைத்துவைத்திருக்கிறார்கள், இடித்தால் பை ஊதாது என்றாள். அவர் முதலாளிக்குப் போன் போட்டார். அந்தப் பெண் கொஞ்சம் அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள் என்றாராம் முதலாளி மகராசன். அதற்குப் பிறகு இவள் கூப்பிட்டால் கடைக்காரர் எடுப்பதில்லை. நேரில் போனால் கடைப் பையனை விட்டு, அவர் இல்லை என்று சொல்லவைக்கிறார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்றேன். ஒருமுறை இல்லை, தினமும் சொன்னேன்.

"சொல்லிட்டா நசுங்கின வயரு சரியாயிடுமா அத்தை?"

இப்போது பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், வாயில் வைத்ததை விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் தேய்ந்து போன பிறகும் அவள் கை தட்டுக்குத் திரும்புவதில்லை.