கரண்ட் போன பிறகு கேட்ட பாட்டு

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் மகளுக்கு ஒரு பிரிட்டிஷ் நடிகர் என்றால் உயிர். அவ்வளவு பெரிய நடிகர் பஸ்ஸில்தான் போவாராம். பெயர் தெரியாத அண்டர்கிரவுண்ட் இசைக்குழுக்களைக் கடைசி வரிசையில் நின்று கேட்பாராம்.

"நானும் சர்வீஸ் முழுக்க பஸ்ஸுலதான் போனேன். யாரும் ரசிக்கலியே" என்றேன்.

அவளும் அப்படியொரு குழு தொடங்கினாள். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு காலி ஷெட்டில் முதல் கச்சேரி. மின்வெட்டு மலிந்திருந்த காலம். மின்துறையில் ஓய்வு பெற்றவன் என்ற முறையில், "நாலு மணிக்கு கரண்ட் போயிடும்" என்று எச்சரித்தேன்.

"ஜெனரேட்டர் இருக்குப்பா."

நாலு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஷிப்ட் முடிந்து வந்திருந்த கூட்டம் எழுந்து செருப்பைத் தேடியது.

"போச்சுப்பா" என்றாள், செத்த மைக்கைப் பிடித்தபடி.

"உன் நடிகரு பாதியில கிளம்பிப் போயிருப்பாரா? பாடும்மா" என்று முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

வெறும் குரலில் பாடினாள். நைட் ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்து தூங்கும் பெண்களைப் பற்றிய பாட்டு. வீட்டில் அதை வாத்தியங்களோடு சேர்ந்த இரைச்சலாகத்தான் கேட்டிருக்கிறேன். செருப்பு மாட்டியவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். மின்வெட்டுக்கு நான் நன்றி சொன்னது அன்று மட்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.

"கால் வலிக்குதாப்பா?"

"பெரிய மனுசங்க இப்படித்தான் போவாங்களாம்" என்றேன்.