பர்தாவின் இரண்டு பக்கமும் ஓடிய வாத்து

நனைந்த வேட்டியின் கஞ்சி வாடைதான் எனக்குச் சினிமாவின் வாடை. அறுபதுகளில் தாராவியில் எங்கள் சந்தில் அம்மன் கொடைத் திருவிழா வந்தால், கடைசி நாள் பொழுதடைந்ததும் இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துச் சந்துக்குக் குறுக்கே கட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் "பர்தா". மாட்டுங்காவிலிருந்து வாடகைக்கு வரும் படமிஷின் இருக்கும் பக்கம் ஆண்கள். பர்தாவுக்குப் பின்னால் பெண்களும் பொடிப்பிள்ளைகளும். பின்பக்கம் படம் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் பெண்கள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து துணியில் தெளிப்பார்கள், படம் கெட்டுப்போகிறது என்று ஆண்கள் கத்துவார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இவர்கள் இன்னொரு கை தெளிப்பார்கள்.

சாமிப் படத்துக்கு முன்னால் மிஷின்காரர் இனாமாக ஒரு பொம்மைப் படம் ஓட்டுவார். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. வருஷா வருஷம் அதே தொந்தி பெருத்த சமையல்காரன், அதே வாத்து. குழம்பு வைக்க அவன் துரத்துவான், அது வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் அவனையே அண்டாவுக்குள் தள்ளிவிடும். அவன் பேசுவது என்ன பாஷை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், பக்கத்தில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் சிரிப்பாள். மற்ற நாளில் பல் தெரியச் சிரிக்காதவள், அன்றைக்குச் சந்துக்கே கேட்கும்படி சிரிப்பாள்; முடிவில் விக்கல் வரும்.

ஒரு மழைக்காலத்தில் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு எங்கள் ஒற்றை அறைக் "கோலி"யில் அம்மாவின் குரல் "சாப்பிடு", "படு" என்பதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த கொடையைத்தான் நான் மலைபோல் நம்பியிருந்தேன். வாத்து வந்தால் அம்மா சிரித்துவிடுவாள் என்பது என் கணக்கு. தோல் கிடங்கில் வேலை பார்த்த அப்பா அன்றைக்குப் பார்த்துத்தான் என் கையைப் பிடித்தார். "ஏல, வளந்துட்ட. இனிமே பொம்பளைக பக்கம் இருக்கக் கூடாது, இங்கன வந்து இரு."

முன்பக்கம் போய் உட்கார்ந்தால் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தது. எனக்குத் தெரிந்த வாத்து சந்தின் ஓரத்துச் சாக்கடைப் பக்கமாக ஓடும். அது அன்றும் அங்கேதான் ஓடியது, ஆனால் சாக்கடை எனக்கு மறுகைப் பக்கம் வந்துவிட்டது. இது அதே படம்தானா என்று நான் திகைத்துக் கொண்டிருக்கும்போதே சமையல்காரன் அண்டாவில் விழுந்துவிட்டான், ஆண்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பே வரவில்லை. காதை மட்டும் துணிக்கு அந்தப்புறம் வைத்திருந்தேன். அந்த இரைச்சலுக்குள் விக்கலோடு ஒரு சிரிப்பு கேட்ட மாதிரி இருந்தது. கேட்காத மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், வாத்தைப் பார்த்துச் சிரித்தாயா என்று. "நான் எங்கல படத்தப் பாத்தேன்? போய்ப் படு" என்றாள். அப்படியென்றால் சிரிக்கவில்லையா? அதைக் கேட்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை, பிறகு எத்தனையோ வருஷம் அவள் இருந்தும் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சந்து இல்லை, வேட்டிப் பர்தா இல்லை, படத்துக்குப் பின்பக்கம் என்ற ஒன்றே இல்லை. செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். நான் சொன்ன அடையாளத்தை வைத்துப் பேரன் போனில் துழாவி, எப்படியோ அந்த வாத்தைப் பிடித்துவிட்டான். இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அண்டா வந்தது, சமையல்காரன் விழுந்தான். பையன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. எனக்கு என்னவோ பரீட்சையில் தோற்ற மாதிரி ஆகிவிட்டது.

"அரே தாத்தா, இதுல ஜோக் எங்க?" என்றான். தெரியவில்லை என்றேன், உண்மையிலேயே தெரியவில்லை. "நீங்கதான் படத்தப் பாக்கவே இல்லையே. என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க" என்றான்.

அந்த வருஷங்களில் எல்லாம் அம்மா படத்தைப் பார்த்ததே இல்லையோ? நான் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரித்தாளோ? இருக்கலாம். ஆனால் அந்தக் கடைசித் தடவை மடியில் தங்கச்சி இல்லை, பக்கத்தில் நானும் இல்லை. நான் கேட்டது அவள் சிரிப்புதான் என்றால், அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள்?